கோபாலன் வீசிய முதல் பந்து

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸ் அணியும் மைசூர் அணியும் ஆடின. பின்னாளில் ரஞ்சிக் கோப்பை என்று நாடு முழுக்கப் பெயர் பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அது. புதுப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்து அதன் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். திருவல்லிக்கேணிக்காரர், வேகப்பந்து வீச்சாளர். ஆனால் ஆட்டத்தை முடித்து வைத்தது சுழல். ஏ.ஜி. ராம் சிங் என்ற இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வெறும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட்டுகளை எடுத்தார். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மதராஸ் எடுத்த 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது.

அந்த ஒரு நாளில் நடந்ததையே அடுத்த 90 ஆண்டுகளும் சென்னை திரும்பத் திரும்பச் செய்துவந்தது. புதுப் பந்தின் பளபளப்பு போகும்வரை வேகத்துக்குச் சில ஓவர்கள். பிறகு நாள் முழுக்கச் சுழல். வி.வி. குமார், வெங்கட்ராகவன், சிவராமகிருஷ்ணன், மேற்கு மாம்பலத்து அஸ்வின் என்று சுழலுக்கு ஒரு பரம்பரையே உருவாயிற்று. வேகத்துக்கு அப்படி ஒரு வரிசை அமையவில்லை. ஏன் என்று கேட்டால், நம்ம ஊர் வெயில், நம்ம உடம்பு, நம்ம சாப்பாடு என்று மூன்று காரணங்கள் உடனே வந்துவிழும். மயிலாப்பூரில் காலை நடைக்கு வரும் பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இயற்பியலையும் எலும்பியலையும் துணைக்கு வைத்துக்கொண்டு கோபாலனின் வாழ்க்கையைப் பார்த்தால், மூன்றுமே போதாத காரணங்கள் என்று தெரிகிறது.

கதை மயிலாப்பூர் லஸ்ஸில் தொடங்குகிறது. மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-லேயே தோன்றிவிட்டாலும் அது வெள்ளையருக்கானது. இந்தியர்களுக்கு அங்கே இடமில்லை என்ற நிலையில், லஸ்ஸில் பெரிய வீடும் தோட்டமும் வைத்திருந்த எம். புச்சிபாபு நாயுடு 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளையர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று முயன்றவரும் அவரே. 1908-ல் அது நடப்பதற்குச் சற்று முன் நாற்பது வயதிலேயே காலமானார். அவர் போட்ட விதை பிரசிடென்சி ஆட்டமாக, பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் நடக்கும் திருவிழாவாக வளர்ந்தது. மதராஸின் முதல் தலைமுறை வேகப்பந்து வீச்சாளர்கள் தங்கள் திறமையை எடைபோட்டுப் பார்த்த மேடை அதுதான்.

மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909-ல் செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவரைக் கண்டெடுத்தவர் அப்போது மதராஸில் ஐரோப்பியர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த சி.பி. ஜான்ஸ்டன். கண்டெடுத்ததோடு நிற்காமல் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். இந்த வேலை விஷயத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் கோபாலனின் வலது தோளுக்கு அடுத்தபடி முக்கியமானது அந்தச் சம்பளம். வேகப்பந்து வீச்சாளருக்கு நல்ல உணவு வேண்டும், ஓய்வு வேண்டும், குதிகாலைத் தாங்கும் காலணி வேண்டும். மாதச் சம்பளம் இல்லாமல் இவை நடக்காது.

1930-ல் விஜயநகரம் மகாராஜ்குமார் ஓர் அணியைத் திரட்டி ஊர் ஊராக அழைத்து வந்தார். அதில் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ் இருந்தார். முதல்தர ஆட்டங்களில் அவரைவிட அதிக ரன் எடுத்தவர் இன்றுவரை யாருமில்லை. மதராஸில் அந்த ஹாப்ஸின் ஸ்டம்பைக் கோபாலன் பெயர்த்தார். வீசியது லெக் கட்டர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பையன், உலகின் தலைசிறந்த தொடக்க ஆட்டக்காரரை எப்படி ஏமாற்ற முடிந்தது? இதற்கு விடை தெரிய, பந்து காற்றில் என்ன செய்கிறது, தரையில் பட்டதும் என்ன செய்கிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் காற்று. கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். நடுவே சுற்றிலும் புடைத்து நிற்கும் தையல்தான் அதன் உயிர். வீசும்போது தையலைச் சற்றுச் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் பந்தை விடுவதே ஸ்விங்கின் அடிப்படை. பறக்கும் பந்தை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். பளபளப்பான பக்கத்தில் அந்தப் படலம் சலனமில்லாமல் வழுக்கிச் சென்று, பந்தின் பாதிச் சுற்றைத் தாண்டும் முன்பே மேற்பரப்பை விட்டு விலகிவிடும். மறுபக்கத்தில் அது தையலில் இடறிக் கொந்தளிக்கும். கொந்தளித்த படலத்துக்கு ஆற்றல் அதிகம். அதனால் பந்தின் பின்புறம்வரை ஒட்டிக்கொண்டே போய்த் தாமதமாகத்தான் பிரியும். ஒரு பக்கம் சீக்கிரம் பிரிய, மறுபக்கம் தாமதமாகப் பிரிய, பந்தின் பின்னால் விரியும் காற்றுத் தடம் ஒருபுறமாகச் சாய்கிறது. காற்று ஒருபுறம் தள்ளப்படும்போது பந்து மறுபுறம் தள்ளப்படுகிறது. தையல் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் பந்து வளைகிறது.

இதைக் காற்றுக் குழாயில் வைத்து அளந்தவர்களில் முக்கியமானவர், பின்னாளில் நாசாவில் பணியாற்றிய ரவி மேத்தா. 1983-ல் அவரும் சகாக்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளம். புதுப் பந்து அதிகமாக வளைவது அதிவேகத்தில் அல்ல. மணிக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில்தான். அந்த வேகத்தில் பக்கவாட்டு விசை பந்தின் எடையில் சுமார் 30 விழுக்காடு அளவுக்கு எழும்.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 33 மீட்டர். கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 17.7 மீட்டர். அதைக் கடக்க 0.53 விநாடி ஆகும். பக்கவாட்டு விசை எடையில் 30 விழுக்காடு என்றால், அந்த நேரத்துக்குள் பந்து சுமார் 41 சென்டிமீட்டர் விலகியிருக்கும். ஆனால் இந்த விலகல் வழி நெடுக ஒரே சீராக நிகழ்வதில்லை. பாதித் தொலைவில் கால் பங்குதான் விலகியிருக்கும். மீதி முக்கால் பங்கும் பிற்பாதியில் நிகழும். மட்டையாளரின் கண்ணும் கையும் ஒரு மாற்றத்துக்கு எதிர்வினை செய்ய ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கும். ஆகவே கடைசி 0.2 விநாடியில் அவர் ஆடுவது கணிப்பை நம்பித்தான். அதுவரை பார்த்த வளைவை மனதுக்குள் நேர்கோடாக நீட்டிக் கணித்தால்கூட, பந்து அவர் எதிர்பார்த்த இடத்திலிருந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தள்ளி வந்து சேரும். மட்டையின் அதிகபட்ச அகலம் 10.8 சென்டிமீட்டர், அதில் பாதி 5.4. மட்டையின் நடுவில் படவேண்டிய பந்து விளிம்பைத் தொட்டு ஸ்லிப்பில் நிற்பவர் கைக்குப் போவதற்கு இந்தச் சிறு வித்தியாசம் போதும். கோபாலன் பந்தை இரு பக்கமும் வளைக்கத் தெரிந்தவர். எந்தப் பக்கம் வளையும் என்ற ஐயமும் சேர்ந்துகொண்டால் மட்டையாளரின் கணிப்பு இன்னும் தடுமாறும்.

சென்னைக் காற்று ஸ்விங்குக்கு உகந்ததா? கடற்கரையை ஒட்டிய மைதானம், ஈரப்பதம் அதிகம், ஆகவே பந்து நன்றாக வளையும் என்று பலரும் நம்புகிறார்கள். அடர்த்தியைக் கணக்கிட்டால் விடை வேறாக இருக்கிறது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. ஆகவே ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று அடர்த்தி குறைந்தது. அதோடு 32 டிகிரி வெப்பத்தில் இருக்கும் சென்னைக் காற்று, 15 டிகிரியில் இருக்கும் இங்கிலாந்துக் காற்றைவிட ஆறு விழுக்காடு அளவுக்கு இலேசாக இருக்கும். பக்கவாட்டு விசையும் அதே அளவு குறையும். 41 சென்டிமீட்டர் விலகல் 38 அல்லது 39 ஆகும். இந்தச் சிறு இழப்பு ஓர் ஊரின் வேகப்பந்து வீச்சையே அழித்துவிடாது. காற்றின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. உண்மையான எதிரி பந்தின் தோல் தேய்வதுதான். வறண்ட, சொரசொரப்பான தரையில் பத்துப் பதினைந்து ஓவர் உருண்டால், பளபளப்பான பக்கமும் சொரசொரப்பாகிவிடுகிறது. இரு பக்கக் காற்றும் ஒரே மாதிரி கொந்தளிக்கத் தொடங்கினால் வளைவு போய்விடும். தரைதான் பந்தைத் தின்கிறது.

ஆகவே தரைக்கு வருவோம். கோபாலன் ஹாப்ஸுக்கு வீசிய லெக் கட்டரின் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. கட்டர் என்பது வேகத்தோடு வீசும் சுழல். விடும் கணத்தில் விரல்களைப் பந்தின் ஒரு பக்கமாக இழுத்து வெட்டுவார்கள். பந்து பக்கவாட்டில் சுழன்றுகொண்டே முன்னோக்கிப் பறக்கும். தரையைத் தொடும் ஒருசில மில்லி விநாடிகளில் பந்தின் அடிப்பரப்பு தரைமேல் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலில் பெரும்பகுதி முன்னோக்கி. சுழற்சியால் வரும் சிறுபகுதி பக்கவாட்டில். உராய்வு எப்போதும் சறுக்கலுக்கு எதிர்த்திசையில்தான் வேலை செய்யும். அதனால் பந்தின் வேகத்தைச் சற்றுப் பறித்துக்கொண்டு, பக்கவாட்டிலும் ஒரு தள்ளு கொடுக்கிறது. வீச்சின் வேகம் மிக அதிகமாக இருந்தால் உராய்வு முழுக்கப் பின்னோக்கியே செலவாகிவிடும்; பக்கத் திருப்பம் குறையும். மிதவேகத்தில் வீசுபவருக்குக் கட்டர் நன்றாக வெட்டுவது இதனால்தான். தரையின் பிடிமானம் கூடக் கூடத் திருப்பமும் கூடும்.

அந்தக் காலத் தென்னிந்தியாவில் மிகுந்த பிடிமானம் உள்ள ஆடுகளம் மேட்டிங். சேப்பாக்கத்தில் புல்தரை இருந்தது. ஆனால் கல்லூரி மைதானங்களிலும் வெளியூர்களிலும் இறுக்கிய மண்ணின்மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, நாற்புறமும் ஆணி அடித்துத்தான் ஆடினார்கள். பாயை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பந்து எகிறும். சற்றுத் தளர விட்டால் வெட்டித் திரும்பும். மேட்டிங்கில் பழகிய வேகப்பந்து வீச்சாளருக்கு மூன்று பாடங்கள் இயல்பாகவே கிடைத்தன. விரலால் பந்தை வெட்டுவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவது, வேகத்தைக் காட்டிலும் எகிறலை நம்புவது. கோபாலனின் கலை இந்தப் பாயில் விளைந்த கலை.

இந்தியா அந்தக் கலைக்கு என்ன கொடுத்தது? ஒரே ஒரு டெஸ்ட். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடி ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது. சொந்த ஊர், சொந்த மைதானம். ஆனால் அணியில் அவர் பெயர் இல்லை. அந்த ஆட்டத்தில் இந்தியாவின் அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டிலேயே ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு ஏழு விக்கெட் கொடுத்தது.

கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு ஒரே கோடையில் இரு அழைப்புகள். ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக்; மறுபுறம் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துப் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டிலும் கோபாலனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதே பயணத்தில் புச்சிபாபுவின் மகன் சி. ராமஸ்வாமி நாற்பது வயதில் தன் முதல் டெஸ்டை ஆடினார். லஸ் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய கனவு ஒரு வழியாக டெஸ்ட் மைதானத்தை எட்டியது. திருவல்லிக்கேணியின் வேகப்பந்து மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

கோபாலன் ஏறத்தாழ கால் நூற்றாண்டு முதல்தர கிரிக்கெட் ஆடினார். எடுத்த விக்கெட்டுகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணை இங்கிலாந்தின் டாம் ரிச்சர்ட்சனோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். விக்டோரியா ராணியின் காலத்தில் சர்ரே கவுண்டிக்கு வீசிய ரிச்சர்ட்சன், 1895 என்ற ஒரே ஆண்டில் 290 விக்கெட் எடுத்தார். 1894 முதல் 1897 வரை நான்கு கோடைகளில் 1005 விக்கெட். மதராஸ்காரர் ஆயுள் முழுக்க எடுத்ததைவிட சர்ரேக்காரர் ஒரு கோடையில் அதிகம் எடுத்திருக்கிறார். திறமையில் அத்தனை மடங்கு இடைவெளி இருந்திருக்க முடியாது. அங்கே கவுண்டி கிளப்புகள் சம்பளம் கொடுத்து, மே முதல் செப்டம்பர் வரை வாரத்தில் ஆறு நாள் ஆட வைத்தன. இங்கே 25 ஆண்டுகளில் கோபாலனுக்குக் கிடைத்த முதல்தர ஆட்டங்கள் எண்பதைத் தொடவில்லை. வேலை நாளில் அலுவலகம், விடுமுறையில் கிளப் ஆட்டம், பொங்கலுக்குப் பிரசிடென்சி ஆட்டம், ஆண்டுக்கு ஓரிரு ரஞ்சி ஆட்டம். பந்து வீசக் கிடைத்த நாட்களே அவ்வளவுதான்.

ஆனால் ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்த வாழ்க்கையைப் பார்த்துப் பொறாமைப்படவும் முடியவில்லை. 1896-ல் மான்செஸ்டரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் அவர் வீசியவை 110 ஓவரும் 3 பந்தும். அப்போது ஓவருக்கு ஐந்து பந்து. மொத்தம் 553 பந்துகள். 13 விக்கெட் எடுத்தும் இங்கிலாந்து தோற்றது. கடைசி இன்னிங்ஸில் மூன்று மணி நேரம் ஒரு முனையிலிருந்து ஓய்வே இல்லாமல் வீசினார். 1897-க்குப் பிறகு அவருடைய வேகம் சரிந்தது. 1912-ல் இறந்தபோது வயது 41.

553 பந்துகள் ஓர் உடலை என்ன செய்யும் என்பதை இன்று அளந்து வைத்திருக்கிறோம். வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில், தரை அவரைத் திருப்பி உதைக்கும் விசை உடல் எடையைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. 75 கிலோ எடையுள்ளவருக்கு 375 கிலோவுக்குக் குறையாத சுமை, ஒவ்வொரு பந்துக்கும். அந்தச் சுமை முழங்கால், இடுப்பு வழியே கீழ் முதுகுக்கு ஏறும் அதே கணத்தில், முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, சுழன்றும்கொண்டிருக்கிறது. நெரிசல் எல்லாம் போய்ச் சேரும் இடம், கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளின் பின்புறத்தில் உள்ள ஒரு மெல்லிய எலும்புப் பாலம். வலக்கை வீச்சாளருக்குப் பெரும்பாலும் இடப்பக்கப் பாலத்தில்தான் கீறல் விழுகிறது.

எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறினால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் விழும். உடல் பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்டும். கரைப்பது வேகமாக நடக்கும், கட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மேலும் பந்து வீசினால் நுண்கீறல் முறிவாகிறது. பதின்வயதில் ஆபத்து இன்னும் அதிகம். இந்தப் பாலம் முழு வலிமை பெறுவதற்கு இருபது வயதைத் தாண்ட வேண்டும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, பள்ளித் தேர்வு முடிந்ததும் ஒரே வாரத்தில் நான்கு ஆட்டம் ஆடும் பையனின் முதுகு இதற்குத்தான் இரையாகிறது. பந்துகளின் மொத்த எண்ணிக்கையைவிட அது திடீரென்று எகிறுவது கொடியது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியின் முதுகு 1973-ல் இப்படித்தான் முறிந்தது. மாவுக்கட்டு, நீண்ட ஓய்வு, பிறகு முறையான உடற்பயிற்சி, வீச்சு முறையில் திருத்தம் என்று மீண்டு வந்து முன்பைவிடப் பெரிய பந்துவீச்சாளரானார். தன் முதுகையே பாடமாகப் படித்த அந்த மனிதர் 1987-ல் சென்னைக்கு வந்தார். சேத்துப்பட்டில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையம் தொடங்கியது. மதராஸிலிருந்து இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகர் அவருக்குத் துணை நின்றார். தோளும் இடுப்பும் ஒரே திசையைப் பார்க்கும்படி வீச்சைச் சீராக்குவது அங்கே முதல் பாடம். இடுப்பு ஒருபுறமும் தோள் ஒருபுறமும் முறுக்கும் கலப்பு வீச்சுதான் முதுகை அதிகமாக முறிக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில்தான் நிறுவிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநாத், ஜாகீர் கான், இலங்கையின் சமிந்த வாஸ் என்று பலர் அங்கே தேறினார்கள். உலகத்தரமான வேகப்பந்துக் கல்வி அடையாறிலிருந்து அரைமணிப் பயணத்தில் கிடைத்தது. கற்றுத் தேர்ந்து புகழ் பெற்றவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நம்ம ஊரிலிருந்து எழுந்து வந்தவர் லட்சுமிபதி பாலாஜி. 2004-ல் பாகிஸ்தான் பயணத்தில் ராவல்பிண்டி டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்து இரு நாட்டு ரசிகர்களையும் கவர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் முதுகெலும்பில் முறிவு. வீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார், ஆனால் டெஸ்ட் வாழ்க்கை 8 ஆட்டம், 27 விக்கெட்டோடு முடிந்துவிட்டது. எவ்வளவு விக்கெட் எடுத்திருக்க வேண்டியவர் என்று இப்போதும் மனம் ஆறவில்லை.

வெயிலின் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. சென்னையில் வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் கொடுமை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும். உடல் மேலும் வியர்க்கும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் போவது சாதாரணம். 1986-ல் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்துவிட்டு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டதை அந்தத் தலைமுறை மறக்காது. பந்துவீச்சாளருக்கு நீர் குறைந்தால் முதலில் போவது வேகம் அல்ல, குறி. வீச்சின் வேகம் அப்படியே இருக்கும்போதே பந்து விழும் இடம் தவறத் தொடங்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அளவாகக் குடிப்பதும், ஒரு முறைக்கு நான்கைந்து ஓவரோடு ஓய்வு கொடுப்பதும் போதிய மருந்து. கடற்காற்று நண்பகலை ஒட்டி உள்ளே வந்துவிட்டால் பிற்பகல் வீச்சு எளிதாகிறது. வெயில் ஒரு தடை. தாண்ட முடிந்த தடை.

தாண்ட முடியாமல் நிற்பது ஆடுகளம்தான். நல்ல வேகமான ஆடுகளத்துக்குக் களிமண் வேண்டும், அதில் அளவான ஈரம் வேண்டும், ஈரத்தோடு இருக்கும்போதே கனமான உருளையால் நாள்கணக்கில் இறுக்க வேண்டும், புல்வேர் அந்த மண்ணைப் பின்னிப் பிடித்திருக்க வேண்டும். வேர் ஆழத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றுவதால், மண் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உலர்ந்து கெட்டியாகிறது. கெட்டியான மண் பந்தின் ஆற்றலை விழுங்காது. பந்து எகிறும், வேகமும் அதிகம் குறையாது. புல்லைச் சுரண்டி, மேல்மண்ணை வறள விட்டால் மேலடுக்கு பொடியாகிறது. பந்து மண்ணில் கடித்து நின்று, மெதுவாகத் திரும்பி வருகிறது. வேகம் வீசியவருக்கு நட்டம், சுழல் வீசியவருக்கு வரவு.

சேப்பாக்க மண் வேகத்துக்கு ஆகாதது என்பவர்கள் 1975 ஜனவரியை நினைத்துப் பார்க்கட்டும். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7, இரண்டாவதில் 57 ரன்னுக்கு 5 என 12 விக்கெட் எடுத்தார். எகிறிய பந்துகளுக்கு எதிரே நின்று விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97 ரன்னை நேரில் பார்த்தவர்கள் இன்றும் மயிலாப்பூர் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். 1980-ல் அதே மைதானத்தில் கபில்தேவ் பாகிஸ்தானுக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தார். இந்தியா இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. மண் அதே மண். அதைத் தயாரித்த விதம்தான் வேறு.

திருவல்லிக்கேணியிலிருந்து கோபாலனுக்கு அடுத்து வந்த சி.ஆர். ரங்காச்சாரியின் கதையும் இதற்குச் சாட்சி. 1948-ல் அடிலெய்டில் ஆஸ்திரேலியா 674 ரன் குவித்தபோது அவர் 4 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு டில்லியில் வெஸ்ட் இண்டீஸ் 631 ரன் எடுத்த இன்னிங்ஸில் 107 ரன்னுக்கு 5 விக்கெட். எதிரணி மலையாகக் குவித்த இரு இன்னிங்ஸிலும் தளராமல் வீசிய அந்த மனிதருக்கு மொத்தம் நான்கு டெஸ்ட்தான் கிடைத்தது. தயிர்சாதம் சாப்பிடும் உடம்புக்கு வேகம் வராது என்ற பேச்சுக்கு இவர்களைவிட வேறு மறுப்பு வேண்டியதில்லை. நம் காலத்தில் சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்ட நடராஜன் 2021-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவருக்கு ஒரு கெட்டியான ஆடுகளம் கிடைத்ததும் என்ன நடந்தது என்று உலகம் பார்த்தது.

மதராஸும் இலங்கையும் மோதிய ஆட்டத்துக்கு 1952-53 முதல் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். அவர் 2003 டிசம்பரில் சென்னையில் காலமானபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் மூத்தவர்.

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பகுதிகளில் பிள்ளைகளைக் காலை ஐந்தரைக்கே பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோருக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். முதலாவது, வேகமாக வீசும் பையனோ பெண்ணோ நாளொன்றுக்கு எத்தனை பந்து வீசுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வலைப்பயிற்சியில் வீசுவதையும் சேர்த்து எழுதுங்கள். 14, 15 வயதினருக்கு ஒரு முறைக்கு 6 ஓவர், ஆட்ட நாளில் மொத்தம் 12 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் பின்பற்றிய வரம்பு. அதை இங்கேயும் கடைப்பிடிக்கலாம். முதுகில் ஒரே இடத்தில் வலி என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்து ஆட அனுப்பாதீர்கள். விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது, உங்கள் கிளப்பும் பள்ளியும் கல்லூரியும் பராமரிக்கும் ஆடுகளங்களில் ஒன்றிலாவது புல்லை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.